பாடத்திட்டம் மாறும்போது கணக்கு ஆசிரியர்கள் கூடிப் படிப்பது எப்படி?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். முன்பு பாடத்திட்டம் மாறியபோது இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். கருத்தாளர் ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டினார். மூன்றாம் நாள் வகுப்பில் நின்றபோது வாயில் பழைய மாதிரிதான் வந்தது. மறுபடியும் பாடத்திட்டம் மாறப்போகிறது என்கிறார்கள். பக்கத்து ஊர்களில் கணக்கு எடுக்கிற மூன்று பேரும் நானும் மாதம் ஒரு சனிக்கிழமை கூடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். கூடி என்ன செய்வது? செயல்பாடு என்று இறங்கினால் பாடம் முடிவதில்லை. கணக்குப் புத்தகத்தில் வருகிற ‘தகவல் செயலாக்கம்’ என்ற பாடம் எனக்கே புதிது, பி.எஸ்ஸி.யிலும் படிக்கவில்லை, பி.எட்.டிலும் படிக்கவில்லை. வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

நான்கு பேர் சேர்ந்துவிட்டீர்கள் என்பதே பாதி வேலை. அந்தச் சனிக்கிழமையில் புத்தகத்தைப் பற்றிப் பேசாதீர்கள், பிள்ளைகளின் விடைத்தாளைப் பற்றிப் பேசுங்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

முதலில் அந்த இரண்டு நாள் பயிற்சி ஏன் நிற்கவில்லை என்று பார்ப்போம். பயிற்சி மாநில அளவில் தொடங்கி, மாவட்டம் வந்து, வட்டார வள மையத்துக்கு இறங்கி, கடைசியில் உங்களிடம் வருகிறது. ஒவ்வொரு படியிலும் நேரம் குறையும். நேரம் குறைந்தால் முதலில் உதிர்வது ‘ஏன்’ என்பதுதான், ‘என்ன’ மட்டும் மிஞ்சும். எந்தப் பாடம் எந்த வகுப்புக்குப் போனது, எது புதிது, கியூஆர் கோடு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் உங்கள் காதுக்கு வந்து சேரும். ஒரு பாடத்தை ஏன் அந்த முறையில் எழுதினார்கள், பிள்ளைகள் அதில் எங்கே சறுக்குவார்கள் என்பது வந்து சேராது. கருத்தாளர்மேல் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை, அவருக்கும் அப்படித்தான் வந்திருக்கும்.

பாடத்திட்டம் மாறுவது என்றால் மூன்று விதமான மாற்றம் உண்டு. ஒரு பாடம் வகுப்பு மாறிப் போவது ஒன்று. முன்பு இல்லாத பாடம் வருவது இன்னொன்று. மூன்றாவது, அதே பாடம், அதே தலைப்பு, ஆனால் சொல்கிற முறை வேறு. முதல் இரண்டும் பொருளடக்கத்தைப் பார்த்தாலே தெரியும். மூன்றாவதுதான் ஏமாற்றும். ‘முழுக்கள்தானே, இருபது வருஷமாக நடத்துகிறோமே’ என்று பழைய குறிப்பேட்டை எடுத்துவிடுவோம். புத்தகம் மாறியிருக்கும், பாடம் மாறியிருக்காது.

ஆகவே புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் உங்கள் வகுப்புப் புத்தகத்தை மட்டும் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். ஒரே பாடத்தை எடுத்து, வகுப்பு வகுப்பாகக் குறுக்கே படியுங்கள். இப்போதுள்ள புத்தகங்களில் ஆறாம் வகுப்பில் முழுக்கள் (மைனஸ் எண்களும் பூச்சியமும் சேர்ந்த முழு எண்கள்) அறிமுகமாகிறது, ஏழில் முழுக்களின் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் வருகிறது, எட்டில் அது விகிதமுறு எண்களாக விரிகிறது. மூன்று புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, ஒரு சார்ட்டில் மூன்று கட்டம் போட்டு, எந்தப் படம், எந்தச் சொல், எந்த எடுத்துக்காட்டு எந்த வகுப்பில் முதன்முதலாக வருகிறது என்று எழுதுங்கள். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு பாடத்துக்கு 40 நிமிடம் ஆகும். ஆண்டுக்கு ஐந்து பாடத்துக்குச் செய்தால் போதும்.

இதில் ஒரு கண்ணியைக் கவனிக்க வேண்டும். சென்ற முறை 2018-19ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குத்தான் முதலில் புதுப் புத்தகம் வந்தது, மற்ற வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டு. 2019-20ல் எட்டாம் வகுப்புப் புதுப் புத்தகத்தைத் திறந்த பிள்ளைகள் ஆறையும் ஏழையும் பழைய புத்தகத்தில் முடித்துவிட்டு வந்தவர்கள். புத்தகமோ, அவர்கள் புது ஆறும் புது ஏழும் படித்திருப்பார்கள் என்று எண்ணிப் பேசியது. அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லை என்று எத்தனையோ பேர் நொந்துகொண்டோம். குறை பிள்ளையிடம் இல்லை, இரண்டு புத்தகத்துக்கு நடுவே இருந்த பள்ளத்தில் இருந்தது. அடுத்த முறையும் மாற்றம் படிப்படியாக வந்தால் இதே பள்ளம் விழும். நீங்கள் போட்ட சார்ட்டில் ‘இந்தப் பிள்ளைகள் பார்த்திராதது’ என்று சிவப்பு மையால் வட்டமிடுங்கள். பாடத்தைத் தொடங்குவதற்கு முன் இரண்டு பீரியட் அதற்குக் கொடுத்துவிடுங்கள்.

இனி சனிக்கிழமைக்கு வருவோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வீட்டு வேலை, பஸ் நேரம் எல்லாம் உண்டு. நீண்ட கூட்டம் மூன்றாவது மாதம் நின்றுபோகும். ஒரு கூட்டத்துக்கு ஒரே பாடம். கூட்டத்துக்கு முந்தின வாரம் நால்வரும் அவரவர் வகுப்பில் ஒரே சீட்டைக் கொடுத்து எழுத வாங்குங்கள். அரைத்தாள், மூன்று கேள்வி, பத்து நிமிடம். மார்க் கிடையாது, பெயர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் சரி என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முழுக்களுக்கு இந்த மூன்று கேள்வி போதும்:

−3 − 4 = ?
−5 + 2 = ?
2 − (−3) = ? இதை எப்படிப் போட்டாய் என்று ஒரு வரி எழுது.

ஆளுக்கு இருபது சீட்டு என்றால் எண்பது சீட்டு மேஜைக்கு வரும். டிக் போடாதீர்கள், கூட்டிப் பார்க்காதீர்கள். ஒரே மாதிரி யோசித்த சீட்டுகளை ஒரே குவியலாக வையுங்கள். சரியா தப்பா என்பதை ஒதுக்கிவிட்டு, பிள்ளை எந்த வழியில் போனது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

குவியல்கள் எப்படி வரும் என்று சொல்கிறேன். −3 − 4க்கு −7 சரி. 7 என்று எழுதுகிற கூட்டம் நிச்சயம் இருக்கும். கூப்பிட்டுக் கேட்டால் ‘மைனஸும் மைனஸும் பிளஸ்லா டீச்சர்’ என்பார்கள். நாம் பெருக்கலுக்கும் அடுத்தடுத்து வரும் குறிகளுக்கும் சொல்லிக்கொடுத்த மந்திரத்தை, இரண்டு மைனஸ் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் போட்டுவிடுகிறார்கள். −1 என்றோ 1 என்றோ எழுதியிருந்தால் அந்தப் பிள்ளை நான்கில் மூன்று போக என்று வித்தியாசம் எடுத்திருக்கிறது. −5 + 2க்கு −7 என்று எழுதிய பிள்ளை எண்களைக் கூட்டிவிட்டு முன்னால் இருந்த மைனஸைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறது. மூன்றும் மூன்று நோய், ஒரே மருந்து பலிக்காது.

நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டிய குவியல் இன்னொன்று. மூன்றாவது கேள்விக்கு 5 என்று சரியாக எழுதி, கீழே ‘மைனஸ் மைனஸ் பிளஸ்’ என்று மட்டும் எழுதிய சீட்டுகள். விடை சரி. ஆனால் இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் முதல் கேள்விக்கு 7 எழுதியிருக்கிறார்கள் என்று பொருத்திப் பாருங்கள். இவர்கள் கையில் இருப்பது கணக்கல்ல, ஒரு வாய்ப்பாட்டு வரி. பரீட்சையில் மார்க் வாங்கி நம்மை ஏமாற்றிவிட்டு, எட்டாம் வகுப்பில் சமன்பாடு தீர்க்கும்போது இடறி விழுகிறவர்கள் இவர்கள்தான்.

குவியல் வந்த பிறகுதான் பாடம் எப்படி நடத்தலாம் என்ற பேச்சு. அதற்கு நம் ஊரில் காசில்லாமல் கிடைக்கிற பொருள் புளியமுத்து. தாயம் ஆட உரசுவதுபோல் ஒரு பக்கத்தை மட்டும் சொரசொரப்பான சிமெண்ட் தரையில் வெள்ளை தெரிகிறவரை உரசச் சொல்லுங்கள். வெள்ளை முகம் +1, பழுப்பு முகம் −1. இரண்டு பிள்ளைக்கு 20 முத்து என்றால் 40 பேர் வகுப்புக்கு 400 முத்து வேண்டும். ஒரு வெள்ளையும் ஒரு பழுப்பும் சேர்ந்தால் பூச்சியம்.

இதில் எல்லாரும் அவசரப்படுகிற இடம் ஒன்று இருக்கிறது. உடனே கழித்தலுக்குப் போய்விடுவார்கள். போகாதீர்கள். முதல் பீரியட் முழுக்க ‘2ஐ நாலு விதமாக வைத்துக் காட்டு’ என்று கேளுங்கள். இரண்டு வெள்ளை மட்டும்; மூன்று வெள்ளையும் ஒரு பழுப்பும்; நான்கு வெள்ளையும் இரண்டு பழுப்பும்; ஐந்து வெள்ளையும் மூன்று பழுப்பும். பூச்சிய ஜோடியை எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம், எண் மாறாது என்பது கையில் பழக வேண்டும். அது பழகிய பிறகு ‘2லிருந்து மூன்று பழுப்பை எடு’ என்று சொல்லுங்கள். பழுப்பே இல்லையே என்று பிள்ளை திகைக்கும். கொஞ்ச நேரம் திகைக்கட்டும். பக்கத்துப் பிள்ளை ‘மூணு ஜோடி வச்சுக்கோல’ என்று சொல்லிவிடும். மூன்று ஜோடி வைத்து, மூன்று பழுப்பை எடுத்தால் ஐந்து வெள்ளை மிச்சம். −3 − 4க்கு மூன்று பழுப்பு வைத்து, நான்கு வெள்ளையை எடுக்க வேண்டும். நான்கு ஜோடி வைத்து நான்கு வெள்ளையை எடுத்தால் ஏழு பழுப்பு. இரண்டு கணக்கையும் அடுத்தடுத்துச் செய்த பிள்ளை ‘மைனஸ் மைனஸ் பிளஸ்’ என்பதைச் சும்மா தூக்கிப் போடாது.

என்ன தவறும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் மேஜையில் வைத்துக் காட்டிவிட்டு முடித்தால் பயனில்லை, முத்து பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். முத்தை எடுப்பதும் நோட்டில் எழுதுவதும் தனித்தனியாகப் போனாலும் பயனில்லை, ஒவ்வொரு முறை முத்தை நகர்த்தியதும் ஒரு வரி எழுத வேண்டும். பெருக்கலில் எதிர் எண்ணை எதிர் எண்ணால் பெருக்க முத்தை இழுக்காதீர்கள், விளக்கம் சிக்கலாகிவிடும். அங்கே 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0 என்று இறங்கி வந்து, ‘அடுத்த வரி என்னவாக இருக்கும்?’ என்று கேட்டால் (−1) × (−2) = 2 என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

முத்து ஒட்டாத பிள்ளைகளுக்கு ஆற்றுப் படித்துறை ஒட்டும். தாமிரபரணிக் கரையில் வளர்கிற பிள்ளைக்குப் படி எண்ணத் தெரியாமல் இருக்காது. தண்ணீர் மட்டத்தைப் பூச்சியமாக வைத்தால் தினமும் பூச்சியம் ஏறி இறங்கும். ஆகவே ஒரு படியை ‘இதுதான் பூச்சியம்’ என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே இரண்டாம் படியில் ஒருத்தி, கீழே மூன்றாம் படியில் ஒருத்தி. கீழே இருப்பவள் மேலே இருப்பவளிடம் போக எத்தனை படி ஏற வேண்டும்? ஐந்து. அதுதான் 2 − (−3). கழித்தலை ‘எடுத்தல்’ என்றும் ‘இங்கிருந்து அங்கே எவ்வளவு தூரம், எந்தப் பக்கம்’ என்றும் இரண்டு விதமாகப் பார்க்கப் பழகிய பிள்ளைக்குப் பின்னால் வரும் ஆயத்தொலைவுகளில் பாதி சிரமம் இல்லை.

இதே சீட்டு முறையில் இன்னொரு கூட்டத்துக்குச் சமக்குறியை எடுங்கள். 8 + 4 = □ + 5. கட்டத்தில் 12 எழுதுகிறவர்கள் ஒரு குவியல், 17 எழுதுகிறவர்கள் ஒரு குவியல், 7 எழுதுகிறவர்கள் ஒரு குவியல். முதல் இரண்டு குவியலும் எத்தனை பெரிது என்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து கணக்கு இடது பக்கம், விடை வலது பக்கம் என்றே பழகியவர்களுக்கு ‘=’ என்றால் ‘விடை வருகிறது’ என்றுதான் பொருள். இரண்டு பக்கமும் ஒன்று என்று பொருள் அல்ல. அந்தப் பிள்ளையிடம் சமன்பாட்டைக் கொண்டுபோனால் ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்பது இன்னொரு மந்திரமாகிவிடும். தினமும் வகுப்பு தொடங்கும்போது ஐந்து நிமிடம், இரண்டு வாரத்துக்கு, 12 = 8 + 4, 7 = 7, 6 + 3 = 3 + 6, 9 + 2 = 10 + 2 என்று எழுதிப்போட்டு ‘சரியா தப்பா, ஏன்?’ என்று கேளுங்கள். எழுத்துக் கணக்கிலும் ஒரு எச்சரிக்கை. ம என்றால் மாம்பழம், வ என்றால் வாழைப்பழம் என்று தொடங்காதீர்கள். எழுத்து ஒரு பொருளின் பெயராகப் பதிந்துவிட்டால், மூன்று மாம்பழமும் இரண்டு வாழைப்பழமும் சேர்ந்து ஐந்து பழம்தானே என்று 3ம + 2வ = 5மவ என்று எழுதுவார்கள். எழுத்து எண்ணுக்குப் பதிலாக நிற்பது. மாம்பழத்தின் எண்ணிக்கை, மாம்பழத்தின் விலை என்று சொல்லிப் பழக்குங்கள்.

அடுத்து, தகவல் செயலாக்கம் பற்றிய உங்கள் கூச்சம். அது உங்களுக்கு மட்டும் இல்லை. பட்டப் படிப்பில் வகைநுண் கணிதம் போட்டவருக்கு ஏழாம் வகுப்பு டெட்ரோமினோவும் (நான்கு சதுரங்களை ஒட்டிச் செய்யும் வடிவம்) எட்டாம் வகுப்பு வரைபட வண்ணமிடலும் (அடுத்தடுத்த பகுதிகளுக்கு ஒரே நிறம் வராமல் நிறமிடுவது) புதிதாகத்தான் இருக்கும். இவை பரீட்சைக்காக வந்த பாடங்கள் அல்ல. முறையாக எண்ணுவது, அமைப்பைக் கண்டுபிடிப்பது, ஒரு வழியை விளக்கமாகச் சொல்வது என்பவற்றுக்காக வந்தவை. 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காக, இரா. இராமானுஜம் தலைமையில் கணிதம் கற்பித்தலுக்கான குழு எழுதிய அறிக்கை, பள்ளிக் கணக்கின் முதல் நோக்கம் பிள்ளையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவது என்று சொன்னது. அந்த எண்ணத்தின் தடம் இந்தப் பாடங்களில் இருக்கிறது. படித்துத் தெரிந்துகொள்வதைவிட, நால்வரும் உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. கூட்டத்தின் முதல் 25 நிமிடத்தை இதற்கு வையுங்கள். பிள்ளைகளுக்கான கணக்கு அல்ல, உங்களுக்கான கணக்கு.

ஒன்றைச் செய்து காட்டுகிறேன். வாசலில் போடுகிற ‘7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி’ கோலம். மொத்தம் எத்தனை புள்ளி? உடனே கூட்டாதீர்கள். நால்வரும் தனித்தனியாக, பேசாமல், ஐந்து நிமிடம் எண்ணுங்கள். பிறகு எப்படி எண்ணினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஒருவர் வரிவரியாக 4 + 5 + 6 + 7 + 6 + 5 + 4 என்பார். இன்னொருவர் நடுப் புள்ளியை வைத்துச் சுற்றுச் சுற்றாக 1 + 6 + 12 + 18 என்பார். மூன்றாமவர் நடுப் புள்ளியைத் தனியாக விட்டுவிட்டு, மிச்சத்தை மூன்று இணைகரக் கட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 4 × 3 என்று பார்க்கலாம்: 3 × 12 + 1. மூன்று வழியிலும் 37. அடுத்தது ‘9 புள்ளி, 5 வரை’ என்றால் 61. ‘5 புள்ளி, 3 வரை’ என்றால் 19. ஓரத்து வரியின் புள்ளி ப என்று வைத்தால் 3 × ப × (ப − 1) + 1. இது தெரிந்ததும் மார்கழியில் போடுகிற ‘15 புள்ளி, 8 வரை’க்கு எண்ணவே வேண்டாம்: 3 × 8 × 7 + 1 = 169. அது 13 × 13 என்பதால் அதே புள்ளிகளை நேர்ப்புள்ளியாக 13க்கு 13 வைத்துவிடலாம். எல்லா அளவுக்கும் இப்படி நடக்காது, 37க்கும் 61க்கும் நடக்காது. ஏன் இதற்கு மட்டும் என்ற கேள்வியைப் பிள்ளைகளிடம் விட்டுப் பாருங்கள்.

இந்த 25 நிமிடத்தில் நடப்பது என்ன தெரியுமா? ஒரே விடைக்கு மூன்று வழி இருப்பதை உங்கள் கையாலேயே அனுபவிக்கிறீர்கள். பிறகு வகுப்பில் ஒரு பிள்ளை நீங்கள் எதிர்பாராத வழியில் போட்டால், ‘அப்படி இல்லை, இப்படிப் போடு’ என்று வாயில் வராது. ‘எப்படிட்டி போட்ட, போர்டுல காட்டு பாப்போம்’ என்று வரும். எந்த ஸ்லைடும் இதைக் கொடுக்காது.

புள்ளியியலுக்கு நம் மாவட்டத்துப் பத்திரிகை தினமும் பாடம் எடுக்கிறது. பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பது பிள்ளைகள் வீட்டிலேயே கேட்டது. அன்றாட நீர்மட்டத்தை இரண்டு வாரம் வெட்டி ஒட்டி, கோட்டு வரைபடம் போடச் சொல்லுங்கள். மூன்று அணையும் 100 அடியில் நின்றால் எந்த அணை அதிகம் நிரம்பியது? உயரத்தில் பார்த்தால் பாபநாசம் ஏறக்குறைய 70 சதவீதம், மணிமுத்தாறு 85, சேர்வலாறு 64. இங்கே நிறுத்தாதீர்கள். பாபநாசத்தில் 71.5 அடி தண்ணீர் என்றால் அணை பாதி நிரம்பியதா? எல்லாரும் ஆமாம் என்பார்கள். ஒரு நேர் டம்ளரும் ஒரு புனலும் கொண்டுபோங்கள். புனலின் கீழ் ஓட்டையைக் களிமண்ணால் அடைத்து, கூம்புப் பகுதியின் பாதி உயரம்வரை எத்தனை ஸ்பூன் தண்ணீர் கொள்கிறது, முழுக்க நிரம்ப எத்தனை ஸ்பூன் என்று எண்ணச் சொல்லுங்கள். சரியான கூம்பாக இருந்தால் பாதி உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். மலைக்கு நடுவே இருக்கிற அணை டம்ளர் மாதிரியா, புனல் மாதிரியா? இந்த ஒரு கேள்வியில் சதவீதமும் கன அளவும் வரைபடமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. ஆலங்குளம், முக்கூடல் பக்கம் எடுக்கிறவர்களுக்கு விகிதத்துக்குப் பீடிக் கட்டு இருக்கிறது. கட்டுக்கு 25 என்றால் ஆயிரத்துக்கு 40 கட்டு. ஆயிரத்துக்கு இவ்வளவு கூலி என்றால் 650க்கு எவ்வளவு என்று அம்மா மனக்கணக்காகச் சொல்வதை, பிள்ளை வீட்டில் கேட்டு எழுதிவரட்டும். அம்மா போடுகிற வழி பெரும்பாலும் முதலில் ஒன்றுக்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்கிற புத்தகத்து ‘ஓரலகு முறை’யாக இருக்காது. அதையும் போர்டில் எழுதுங்கள்.

பாடம் முடிவதில்லை என்கிறீர்கள். உண்மைதான். எல்லாப் பயிற்சிக் கணக்கையும் வகுப்பிலேயே போட்டால் எந்தப் புத்தகமும் முடியாது. ஒரு பயிற்சியில் நான்கு கணக்கை மட்டும் வகுப்புக்குத் தேர்ந்தெடுங்கள்: நேரடியானது ஒன்று, விடையைக் கொடுத்துக் கேள்வியைக் கேட்பது ஒன்று, உங்கள் சீட்டில் வந்த தப்பு வெளிப்படும்படி ஒன்று, வாக்கியக் கணக்கு ஒன்று. மற்றவை வீட்டுக்கு. எந்த நான்கு என்பதை நால்வரும் சனிக்கிழமை சேர்ந்து முடிவு செய்தால் பத்து நிமிடத்தில் முடியும். செயல்பாட்டுக்குத் தனி நேரம் தேட வேண்டாம். செயல்பாடுகளுக்கு மார்க் போடுகிற வளரறி மதிப்பீடு (அ)வுக்கு 20 மதிப்பெண் இருக்கிறது. கடையில் வாங்கின தெர்மாகோல் மாதிரிக்கு மார்க் போடுவதைவிட, முத்து வைத்துச் செய்ததற்கும், அணை வரைபடத்துக்கும், ‘எப்படிப் போட்டாய்’ என்று எழுதிய வரிக்கும் போடுங்கள்.

இரண்டு மாதம் சீட்டுப் பார்த்துப் பழகிய பிறகு, ஒருவர் வகுப்பை மற்றவர்கள் போய்ப் பாருங்கள். முதல் மாதமே வேண்டாம், கூச்சம் போகட்டும். பார்க்கப் போகிறவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியரைப் பார்த்தால் அது ஆய்வு மாதிரி ஆகிவிடும். பக்கவாட்டில் உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு பிள்ளைகளை மட்டும் பீரியட் முழுக்கக் கவனிக்க வேண்டும். பிள்ளை எதை எழுதியது, எதை அழித்தது, யாரைப் பார்த்து எழுதியது, எப்போது கை நின்றது என்று நேரத்தோடு குறிக்க வேண்டும். ஆசிரியரைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது. பிறகு பேசும்போதும் ‘நீங்கள் இதைச் சொல்லியிருக்கலாம்’ என்று தொடங்கக் கூடாது, ‘இந்தப் பிள்ளை இந்த இடத்தில் நின்றது’ என்று தொடங்க வேண்டும். இந்த ஒரு விதியை விட்டுவிட்டால் அடுத்த மாதம் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். ஆள் பற்றாக்குறையால் வேலை நாளில் போக முடியாவிட்டால், போனை ஒரு பிள்ளையின் நோட்டுக்கு மேலே சாய்த்துவைத்துப் பத்து நிமிடம் பதிவு செய்தால் போதும். கையும் பென்சிலும் தெரிந்தால் போதும், முகம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் எங்கும் அனுப்ப வேண்டாம். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள்.

அடுத்த முறை பயிற்சிக்கு அழைப்பு வந்தால் வெறும் கையோடு போகாதீர்கள். தேர்ந்தெடுத்த பத்துச் சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கருத்தாளரிடம் மரியாதையாக, ‘சார், என் பிள்ளைகள் இப்படிப் போடுகிறார்கள், புதுப் பாடம் இதற்கு என்ன செய்கிறது?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் வராவிட்டாலும், அறையில் உட்கார்ந்திருக்கிற முப்பது பேரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். முனைஞ்சிப்பட்டியில் இருக்கிற மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கும் உங்கள் குவியல்களை எடுத்துப் போங்கள். மூன்று மாதச் சீட்டும், என்ன செய்தீர்கள், என்ன மாறியது என்ற ஒரு பக்கமும் கையில் இருந்தால் பேசுவதற்கு ஒரு பொருள் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு 200 பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு இரண்டு பக்கம். இடது பக்கத்தில் அந்த மாதச் சீட்டுகளில் குவியலுக்கு ஒன்றாக ஒட்டுங்கள். வலது பக்கத்தில் என்ன நடத்தினோம், மூன்று வாரம் கழித்து அதே சீட்டைக் கொடுத்தபோது எந்தக் குவியல் சிறுத்தது, எது அப்படியே நின்றது என்று எழுதுங்கள். சிறுக்காத குவியலை மறைக்காதீர்கள், அடுத்த கூட்டத்தின் பாடம் அதுதான். மாறுதல் கலந்தாய்வு வந்தால் நால்வரில் ஒருவர் ராதாபுரத்துக்கோ மானூருக்கோ போய்விடலாம். போகிறவர் தன் பக்கங்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும், நோட்டு பள்ளியிலேயே இருக்கட்டும். அந்த இடத்துக்கு வருகிறவருக்காக, புளியமுத்து டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.